தாத்தாவுக்கு இரண்டு நாளில் நின்றது, பேரனுக்கு மூன்று வாரமாக நிற்கவில்லை

கேள்வி: நாங்கள் நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். ஐப்பசி அடைமழையில் எங்கள் தெருவில் ஐந்தாறு வீடுகளில் வாந்தியும் பேதியுமாக ஆனது. என் மாமனார் ஒரே ராத்திரியில் துவண்டுபோய்விட்டார். ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள், இரண்டே நாளில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரம் என் நான்கு வயது மகனுக்கு ஆரம்பித்தது. மூன்று வாரம் தாண்டியும் நிற்கவில்லை. காய்ச்சல் இல்லை, ரத்தம் இல்லை. நாளைக்கு நாலைந்து தடவை, வெளிறின நிறத்தில், கொழகொழவென்று, தாங்க முடியாத நாற்றத்தோடு போகிறான். வயிறு உப்பிக்கொள்கிறது. மருந்துக்கடை மாத்திரையைப் பாதி பாதியாகக் கொடுத்தால் இரண்டு நாள் நிற்கிறது, பிறகு மறுபடியும் போகிறது. தாத்தாவிடமிருந்து ஒட்டிக்கொண்டதா? குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் வாசம் நன்றாகவே வருகிறது, அப்புறம் எப்படிக் கிருமி வரும்? மாமியார் சீர் தட்டியிருக்கிறது என்கிறார், சோற்றையும் பாலையும் நிறுத்தச் சொல்கிறார். பூச்சி மருந்து கொடுக்கலாமா? எட்டு வயது மகள் நன்றாக இருக்கிறாள். அவளுக்கும் மருந்து வேண்டுமா?

ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பரிசோதனைக் கூடத்தில் மலத்தையும் தண்ணீரையும் நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் என் வேலை. அங்கே வருகிறவர்களில் பலர் "பேதி, டாக்டர்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள் எத்தனை நாள், என்ன நிறம், காய்ச்சல் உண்டா, ரத்தம் உண்டா என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அதனால் பையனைப் பார்க்காமலேயே கொஞ்சம் துணிந்து பேசுகிறேன். ஆனாலும் நான் சொல்வது ஊகம்தான். குழந்தைகள் டாக்டரிடம் அவனை நேரில் காட்டியே ஆக வேண்டும். நான்கு வயதுப் பிள்ளைக்கு மூன்று வாரப் பேதி என்பது தள்ளிப்போடுகிற சமாசாரம் இல்லை.

தாத்தாவிடமிருந்து ஒட்டியதாகத் தெரியவில்லை. அவருக்கு வந்தது ஒரு கிருமி, பேரனுக்கு இருப்பது வேறு ஒன்று. ஆனால் இரண்டும் ஒரே மழை நாளில், ஒரே குழாய் வழியாக உங்கள் வீட்டுக்குள் வந்திருக்கக்கூடும். ஒன்று சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வேலையைக் காட்டிவிடும். இன்னொன்று ஒரு வாரம், பத்து நாள் சத்தமில்லாமல் இருந்துவிட்டு ஆரம்பிக்கும். "அடுத்த வாரம்" என்று நீங்கள் எழுதிய இடைவெளி இதற்குச் சரியாகப் பொருந்துகிறது.

முதலில் மாமனார். ஒரே தெருவில், ஒரே சமயத்தில் பல வீடுகளில் வாந்தியும் தண்ணீர் தண்ணீராகப் பேதியும் என்றால் குடிநீரில் கலந்த பாக்டீரியாவைத்தான் முதலில் சந்தேகப்படுவோம். காலராவாக இருக்கலாம், அதேபோல நஞ்சு சுரக்கும் ஈ. கோலை வகையாக இருக்கலாம். சில வைரஸ்களும் இப்படிச் செய்யும். டிரிப் ஏற்றுவதற்கு முன்பே கொஞ்சம் மலம் எடுத்து அனுப்பியிருந்தால் எது என்று தெரிந்திருக்கும். காலராவை ஏதோ பாட்டி காலத்து வாந்திபேதி என்று நினைக்க வேண்டாம். 2022 ஜூலையில் உங்களுக்கு எட்டும் தூரத்தில், காரைக்காலில் காலரா பரவி, புதுச்சேரி அரசு பொது சுகாதார அவசரநிலை அறிவித்துப் பள்ளிக்கூடங்களை மூடியது. அதுவும் நம் காவிரியின் கடைமடைதான்.

காலராக் கிருமி குடலை அரித்துப் புண்ணாக்குவதில்லை. அது ஒரு நஞ்சைச் சுரக்கிறது. 1959-இல் கல்கத்தாவில் சம்புநாத் டே இதை நிரூபித்தார். அந்த நஞ்சு பட்டதும் உடம்பில் இருக்கிற தண்ணீரையும் உப்பையும் குடல் வெளியே கொட்டத் தொடங்கும். முற்றினால் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூடப் போகும். உயிருக்கு ஆபத்து வருவது இந்த வறட்சியால். ஆனால் அந்த நிலையிலும் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் உறிஞ்சிக்கொள்ளும் திறன் குடலுக்குக் கெடுவதில்லை. அவற்றோடு தண்ணீரும் உள்ளே போய்விடும். 1971-இல் வங்கதேசப் போர் சமயம், எல்லையோரத்து பங்காவ் அகதி முகாமில் டிரிப் பாட்டில் தீர்ந்துபோனபோது டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் இதை நம்பித்தான் உப்பு-குளுகோஸ் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது 4-க்கும் கீழே இறங்கியது. உங்கள் மாமனார் இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்ததும் இதே கணக்குதான். கொட்டிய தண்ணீரைத் திருப்பிக் கொடுத்தார்கள், அதற்குள் கிருமி தானாகவே வெளியேறிவிட்டது.

அந்த உப்பு-குளுகோஸ் கரைசல்தான் இன்றைக்குப் பாக்கெட்டில் வருகிற ஓ.ஆர்.எஸ். அதைக் கலக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு லிட்டர் பாக்கெட்டைப் பிரித்து, டம்ளருக்கு ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கி, மீதியை மடித்து அலமாரியில் வைப்பதை நிறைய வீடுகளில் பார்க்கிறேன். ஸ்பூன் கொஞ்சம் கூடினால் கரைசலில் உப்பு மிஞ்சிவிடும், குழந்தைக்கு அது ஆபத்து. குறைந்தால் பலன் இல்லை. பாக்கெட்டில் என்ன அளவு போட்டிருக்கிறதோ (200 மில்லி பாக்கெட்டும் உண்டு) அந்த அளவு கொதித்து ஆறிய தண்ணீரில் முழுவதையும் ஒரே தடவையில் கரையுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பாக்கெட் கிடைக்காத ராத்திரியில் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உங்கள் மகன் வயதுக்கு ஒவ்வொரு தடவை போன பிறகும் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு ஸ்பூன் ஸ்பூனாக ஆரம்பியுங்கள். ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு விற்ற பழச்சுவை பானங்களை நம்ப வேண்டாம். அவற்றில் சர்க்கரை அதிகம், உப்பு போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 2025-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையமே தடுத்துவிட்டது. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் சோடியம் குறைவு. ஓ.ஆர்.எஸ்.ஸுக்குப் பதிலாகாது.

சரி, மகன் விஷயத்துக்கு வருவோம்.

பாக்டீரியாப் பேதி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். பதினான்கு நாளைத் தாண்டினால் நாங்கள் தேட ஆரம்பிப்பது ஒட்டுண்ணியை. அதிலும் காய்ச்சலும் ரத்தமும் இல்லாமல், வெளிறி, கொழுப்புப் படிந்து, நாற்றமடித்து, வயிறு உப்பலோடு போகிறது என்றால் முதல் சந்தேகம் ஜியார்டியா. அவன் போனது தண்ணீரில் மிதக்கிறதா, அழுகின முட்டை நாற்றத்தில் ஏப்பம் விடுகிறானா என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஜியார்டியா ஒரே செல் கொண்ட உயிர். நீளம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதல். இதை முதலில் பார்த்தவர் லேவன்ஹுக் என்ற டச்சுத் துணி வியாபாரி. 1681-இல் தனக்கே வயிறு சரியில்லாமல் போனபோது தன் மலத்தையே லென்ஸில் வைத்துப் பார்த்தார். எங்கள் துறையில் யாருக்கும் அருவருப்பு இருக்கக் கூடாது என்பதற்கு அவரே முன்னோடி. இன்றைக்கும் புதிதாக வந்த மலத்தில் ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் உப்புநீரோடு கலந்து வைத்தால் அது நகர்வதைப் பார்க்கலாம். ஒரு முனை அகன்று, மறுமுனை கூர்ந்த உடல், உள்ளே இரண்டு உட்கருக்கள், நான்கு ஜோடி இழைகள். பாதாம் மரத்து இலை உதிரும்போது புரண்டு புரண்டு இறங்குமே, அந்த மாதிரி நகரும். ஒரு தடவை பார்த்தவர்களுக்கு மறக்காது.

இது குடலைத் துளைத்து உள்ளே போவதில்லை, அதனால்தான் ரத்தம் இல்லை. சிறுகுடலின் மேல் பகுதியில், தன் உடலின் அடிப்பக்கத்தில் உள்ள வட்டமான உறிஞ்சியால் ஒட்டிக்கொண்டு பெருகும். அங்கேதான் கொழுப்பும் பால் சர்க்கரையும் செரித்து உள்ளே போக வேண்டும். அது தடைப்படும்போது சாப்பிட்ட எண்ணெயும் நெய்யும் அப்படியே வெளியே வருகிறது. பிள்ளை சாப்பிடுகிறான், ஆனால் எடை ஏறாது. அங்கன்வாடியில் எடை போட்ட அட்டை இருந்தால் டாக்டரிடம் எடுத்துப்போங்கள். மூன்று மாதத்துக்கு முன்பு எவ்வளவு இருந்தான் என்பது அவருக்கு மிகவும் உதவும்.

இதேபோல நாள்கணக்கில் இழுக்கும் இன்னொன்று கிரிப்டோஸ்போரிடியம். சின்னக் குழந்தைகளிடம் அதிகம், எடை குறைந்த பிள்ளைகளை வாட்டிவிடும். வழக்கமான மலப் பரிசோதனையில் இது கண்ணில் படாது. தனிச் சாயம் ஏற்றினால்தான் இளஞ்சிவப்பு உருண்டையாகத் தெரியும். மூன்று வாரப் பேதி என்று சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள், அப்போதுதான் கூடத்தில் இருப்பவர்கள் அதையும் தேடுவார்கள்.

அமீபா வேறு கதை. அது பெருங்குடலைத் துளைக்கும். ரத்தமும் சளியுமாக, முக்கி முக்கிப் போகிற சீதபேதி. சிலருக்குக் கல்லீரல் வரை போய்ச் சீழ் கட்டும். அது பெரும்பாலும் நடுவயது ஆண்களிடம், குறிப்பாகக் குடிப்பழக்கம் உள்ளவர்களிடம் பார்ப்பது. உங்கள் மகனுக்கு இது பொருந்தவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லி வைக்கிறேன்: ரிப்போர்ட்டில் "அமீபா சிஸ்ட்" (கூடு கட்டிய அமீபா) என்று வந்தாலே அதுதான் காரணம் என்று முடிவு கட்ட வேண்டாம். நுண்ணோக்கியில் அச்சு அசலாக அதே மாதிரி தெரிகிற, தீங்கே செய்யாத இன்னொரு அமீபா நிறையப் பேர் குடலில் சும்மா இருக்கிறது. ரத்த அணுக்களை விழுங்கிய நிலையில் அமீபாவைப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லலாம், இல்லையென்றால் வேறு சோதனை வேண்டும். நம் பக்கத்தில் வயிறு சரியில்லாத எல்லோருக்கும் "அமீபியாசிஸ்" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ரத்தபேதியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அது பெரும்பாலும் ஷிகெல்லா. காலராக் கிருமி கோடிக்கணக்கில் உள்ளே போனால்தான் பொதுவாக நோய் வரும். ஷிகெல்லாவுக்குப் பத்து முதல் நூறே போதும். கை கழுவாமல் ஊட்டிவிட்டாலே ஒட்டிக்கொள்ளும். ஜியார்டியாவும் கிட்டத்தட்ட அப்படித்தான், பத்துப் பதினைந்து கூடுகள் (கெட்டியான உறை போர்த்திய ஜியார்டியா) போதும்.

மலம் கொண்டுபோவதில்தான் பாதிச் சோதனை வீணாகிறது. வாய் அகன்ற சுத்தமான டப்பா போதும். மூத்திரமோ தண்ணீரோ கலக்கக் கூடாது. தண்ணீராகப் போயிருந்தால் அரை மணி நேரத்துக்குள் கூடத்துக்கு வந்தால்தான் உயிரோடு நகர்வதைப் பார்க்க முடியும். காலையில் எடுத்துப் பையில் வைத்து, பஸ் மாறி மதியம் கொண்டுவந்தால் எல்லாம் செத்துச் சிதைந்திருக்கும். திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறீர்கள் என்றால் முடிந்தால் பையனை அங்கேயே போக வைத்துக் கொடுங்கள். இன்னொன்று, ஜியார்டியா தினமும் ஒரே அளவில் வெளியே வராது. ஒரு நாள் நிறைய, அடுத்த நாள் ஒன்றுமே இருக்காது. அதனால் ஒன்றுவிட்டு ஒரு நாளாக மூன்று முறை பார்ப்பது வழக்கம். முதல் தடவை "ஒன்றும் இல்லை" என்று வந்ததும் விட்டுவிடாதீர்கள். பரிசோதனைக்கு முன்பு விளக்கெண்ணெயோ மாத்திரையோ கொடுக்க வேண்டாம்.

மாத்திரை என்றதும் உங்கள் மருந்துக்கடைக் கதைக்கு வர வேண்டியிருக்கிறது. பெயர் எழுதவில்லை, நம் ஊரில் பேதி என்றால் எடுத்து நீட்டுவது நார்ஃப்ளாக்சசினும் டினிடசோலும் சேர்ந்த மாத்திரை, அநேகமாக அதுதான். பாக்டீரியாவாக இருந்தால் ஒன்று கேட்கும், ஒட்டுண்ணியாக இருந்தால் இன்னொன்று கேட்கும் என்ற எண்ணத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான தண்ணீர்ப் பேதிக்கு இரண்டுமே தேவையில்லை. தேவைப்படுகிற உங்கள் மகனுக்கோ பெரியவர்கள் மாத்திரையைப் பாதியாக உடைத்து, நின்றதும் நிறுத்தி, மறுபடி ஆரம்பித்து என்று கொடுத்திருக்கிறீர்கள். டினிடசோல் ஜியார்டியாவைக் கொல்லும் மருந்துதான். அதனால்தான் இரண்டு நாள் நிற்கிறது. அளவு போதாமல் மிஞ்சியவை திரும்பப் பெருகுகின்றன. இது உங்கள் குற்றமில்லை, எடைக்குத் தகுந்த அளவை மருந்துக்கடையில் யாரும் கணக்குப் போட்டுத் தருவதில்லை. ரிப்போர்ட்டில் ஜியார்டியா வந்தால் டினிடசோலோ மெட்ரோனிடசோலோ நிடாசாக்ஸனைடோ, எதை எத்தனை நாள் என்பதை டாக்டர் அவன் எடையைப் பார்த்து முடிவு செய்வார். கூடவே துத்தநாக மாத்திரை, தினம் 20 மில்லிகிராம், 14 நாள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். பேதி நின்றாலும் 14 நாளையும் முடியுங்கள். பேதியைச் சட்டென்று நிறுத்தும் லோபரமைடு மாதிரி மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

இனித் தண்ணீர். பிளீச்சிங் வாசம் வருகிறது, அப்புறம் எப்படி என்று கேட்டிருந்தீர்களே, அதற்கு இரண்டு பதில் உண்டு.

மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடும்போது குளோரின் சரியாக இருக்கலாம். தொட்டியிலிருந்து உங்கள் குழாய் வரை வரும் வழியில்தான் வினை. டெல்டா கிராமங்களில் அழுத்தம் போதாது என்று வாசலில் குழி தோண்டி, இரண்டு மூன்று அடி ஆழத்தில் குழாயை வைத்திருப்பார்கள். படிக்கட்டு மாதிரி இறங்கிக் குடத்தை வைத்துப் பிடிப்போம். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஐப்பசி மழையில் அந்தக் குழி நிறைந்துவிடும். தெருச் சாக்கடையும் நிரம்பி வழிகிற கழிவறைத் தொட்டியும் அதில்தான் வந்து சேரும். நிலத்தடி நீர் மேலேயே நிற்கிற மண் அல்லவா நம்முடையது, மழைக்காலத்தில் செப்டிக் டேங்க் எதையும் உள்ளே வாங்காது. தண்ணீர் விடுவது ஒரு மணி நேரம், மீதி நேரம் குழாய் காலி. விடுவதை நிறுத்தும்போது குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, திறந்துகிடக்கிற வாய் வழியாகக் குழித் தண்ணீரை உள்ளே இழுக்கும். யாராவது மோட்டார் வைத்து உறிஞ்சினால் கேட்கவே வேண்டாம், விரிசல் விட்ட இடமெல்லாம் சாக்கடையைக் குடிக்கும். அடுத்த நாள் முதல் குடத்தில் அதுதான் வரும்.

தண்ணீர் வரும்போது முதல் ஐந்து நிமிஷத் தண்ணீரைப் பாத்திரம் கழுவப் பிடித்துக்கொண்டு, தெளிந்த பிறகு குடிக்கப் பிடியுங்கள். குழாய் வாயை எப்போதும் மூடி வையுங்கள். குழியிலிருந்து குழாயைத் தரைக்கு மேலே ஓர் அடியாவது உயர்த்த முடிந்தால் அதுதான் உண்மையான வைத்தியம். தண்ணீர் மெதுவாகத்தான் வரும், பரவாயில்லை. ஊராட்சியில் சொல்லித் தெரு முழுவதும் செய்தால்தான் பலன்.

இரண்டாவது பதில் இன்னும் முக்கியம். குளோரின் பாக்டீரியாவை நன்றாகக் கொல்லும். தெருக்கோடிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிஞ்சியிருந்தாலே காலராவும் ஷிகெல்லாவும் தாங்காது. ஆனால் ஜியார்டியா கெட்டியான கூடு கட்டிக்கொண்டு தண்ணீரில் வாரக்கணக்கில் காத்திருக்கும். அந்தக் கூட்டுக்கு இந்த அளவு குளோரின் போதாது. கிரிப்டோஸ்போரிடியம் குளோரினைச் சட்டையே செய்யாது. 1993-இல் அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் குளோரின் கலந்த நகராட்சிக் குடிநீர் வழியாகவே நான்கு லட்சம் பேருக்குக் கிரிப்டோஸ்போரிடியம் பேதி வந்தது. வடிகட்டும் இடத்தில் கோட்டை விட்டார்கள். அப்புறம் வாசம் என்பதும் சாட்சி இல்லை. தண்ணீரில் கழிவு கலந்திருந்தால் குளோரின் அதோடு சேர்ந்து, வலுவிழந்த பிறகும் வாசம் அடிக்கும். உங்கள் தெருவில் பெரியவர்கள் சுருண்டுவிழுந்ததைப் பார்த்தால் அன்றைக்குப் பாக்டீரியாவைக் கொல்லும் அளவுகூடக் குளோரின் மிஞ்சவில்லை என்றுதான் தோன்றுகிறது.

கொதிக்க வைத்தால் எல்லாம் சாகும். பாத்திரத்தின் ஓரத்தில் சின்னக் குமிழ் வந்ததும் அடுப்பை அணைத்துவிடுகிறோம், அது போதாது. தளதளவென்று கொதித்த பிறகு முழுசாக ஒரு நிமிஷம். அதே பாத்திரத்திலேயே மூடி ஆற வையுங்கள். காஸ் விலையில் எல்லாவற்றுக்கும் முடியாது என்று எனக்குத் தெரியும். குடிக்க, ஓ.ஆர்.எஸ். கலக்க, பிள்ளைகள் பல் தேய்த்து வாய் கொப்பளிக்க, இவ்வளவுக்குப் போதும். குடத்துக்குள் டம்ளரோடு கையை விடாமல், நீளக் கைப்பிடி உள்ள கரண்டியால் மொண்டுகொள்ளுங்கள். தேத்தாங்கொட்டை உரைத்தோ படிகாரம் போட்டோ கலங்கலைத் தெளியவைப்பது நல்ல பழக்கம், ஆனால் தெளிந்த தண்ணீரையும் கொதிக்க வைக்க வேண்டும். பழைய வேட்டியில் வடிகட்டுவதும் அப்படியே. வங்கதேசக் கிராமங்களில் பழைய சேலையை எட்டு மடிப்பாகப் போட்டு வடிகட்டியதில் காலரா கிட்டத்தட்டப் பாதி குறைந்தது உண்மைதான். காலராக் கிருமி ஒட்டிக்கொண்டிருக்கும் நீர்ப்பூச்சிகளைத் துணி தடுத்துவிடும். ஜியார்டியாக் கூடு அந்தத் துணியில் சிக்காது.

பழைய சோற்றையும் யோசியுங்கள். ராத்திரி சோற்றில் ஊற்றுவது குழாய்த் தண்ணீர் என்றால் காலையில் நீராகாரமாக அதைத்தான் குடிக்கிறோம். கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றினால் ருசி ஒன்றும் கெட்டுவிடாது.

மாமியார் சோற்றை நிறுத்தச் சொல்வதை மட்டும் தயவுசெய்து கேட்க வேண்டாம். மூன்று வாரம் பேதியோடு பட்டினியும் சேர்ந்தால் பையன் எழுந்திருக்க மாட்டான். குழைந்த சோறு, பருப்பு, இட்லி, மசித்த வாழைப்பழம், முட்டை என்று கொஞ்சம் கொஞ்சமாக, வழக்கத்தைவிட ஒரு வேளை கூடுதலாகவே கொடுங்கள். எண்ணெயில் பொரித்ததைச் சில நாள் தவிர்க்கலாம். பால் விஷயத்தில் அத்தை சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஜியார்டியா இருக்கும் குடலுக்குப் பால் சர்க்கரை செரிக்காது, கிருமி போன பிறகும் சில வாரம் அப்படியே இருக்கும். மருந்து முடித்தும் பால் குடித்தால் மட்டும் வயிறு உப்பிப் போகிறது என்றால் கிருமி திரும்பியதாக நினைத்து மறுபடி மாத்திரை வாங்காதீர்கள். தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், அவற்றையே கொடுங்கள். பாலைப் பிறகு பார்க்கலாம். சீர் தட்டியதற்கு விபூதி போட்டு மந்திரித்தால் நான் குறுக்கே நிற்கவில்லை. ஜாதிக்காய், மாசிக்காய் என்று உரைகல்லில் உரைத்து வாயில் ஊற்றுவது வேண்டாம், அந்தக் கல்லும் அதற்குத் தொடுகிற தண்ணீரும் எப்படி இருக்கின்றன என்று நமக்குத் தெரியாது.

பூச்சி மருந்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கன்வாடியில் வருடத்துக்கு இரண்டு தடவை கொடுக்கிற அல்பெண்டசோல் குடல் புழுக்களுக்கானது. வயலில் வெறுங்காலோடு நடக்கிற பிள்ளைகளுக்குக் கொக்கிப்புழு வரும், ரத்தசோகை வரும். அதற்கு அது அவசியம், கொடுக்கிற நாளில் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் அந்த ஒற்றை மாத்திரை ஜியார்டியாவைத் தீர்க்காது.

ஒரு வேளை சோதனைக்கு முன்பே நிலைமை மோசமானால் காத்திருக்க வேண்டாம். கண் குழிந்து, நாக்கு வறண்டு, ஆறு மணி நேரமாக மூத்திரம் போகவில்லை, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் பழைய நிலைக்குப் போகிறது, கூப்பிட்டால் சோர்ந்து கிடக்கிறான், எதுவும் குடிக்க முடியவில்லை, மலத்தில் ரத்தம்: இதில் எது இருந்தாலும் 108-க்குப் போன் செய்யுங்கள். வழியிலும் ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே போங்கள்.

மூன்று தடவை பார்த்தும் மலத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், கோதுமை ஒவ்வாமை, காசநோய் என்று டாக்டர் வேறு பக்கம் தேட வேண்டியிருக்கும். அந்த ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப்போடாதீர்கள்.

மகளுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை என்றால் மருந்து வேண்டாம். தம்பியைக் கழுவிவிடுவது அவள் வேலையாக இருந்தால் மட்டும், அவனுக்குச் சரியாகும் வரை நீங்களே செய்யுங்கள், செய்துவிட்டுச் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். அவளுக்கும் நாலைந்து நாளுக்கு மேல் வயிறு சரியில்லாமல் போனால் தம்பி ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் காட்டுங்கள்.